மைக்கை மாற்றும் முன் நாற்காலியை நகர்த்துங்கள்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். திருச்சியில் வாடகை வீட்டின் ஓர் அறையில் நண்பரும் நீங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்காஸ்டுக்காக, அதாவது இணையத்தில் வெளியிடும் பேச்சு நிகழ்ச்சிக்காக, வாரம் ஒருமுறை பேசிப் பதிவு செய்கிறீர்கள். அறை 10க்கு 11 அடி, டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஓர் இரும்பு பீரோ. மேசை நடுவில் ஒரு ப்ளூ யெட்டி மைக். நான்கு எபிசோடு வெளியாகிவிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. பெரிய பாட்காஸ்ட்களில் எல்லாம் கண்ணில் படுகிற ஷூர் எஸ்எம்7பி மைக்கை வாங்கினால் இது சரியாகுமா என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. இப்போது உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, அதே மேசை நடுவில் அதை வைத்தால் கிணறு அப்படியேதான் இருக்கும். உங்கள் யெட்டி மோசமான மைக் இல்லை. அது உங்கள் வாயிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறது, அதுதான் பிரச்சினை. முதலில் அதைப் பேசிவிடுகிறேன், அப்புறம் எதை வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். இந்த வரிசை மாறினால் பணம் வீணாகும்.

மைக்குக்கு உங்கள் குரல் இரண்டு வழியாக வந்து சேர்கிறது. ஒன்று வாயிலிருந்து நேராக. இன்னொன்று சுவர், தரை, கூரை, பீரோ என்று பட்டுத் திரும்பி, கொஞ்சம் தாமதமாக. நேராக வருவது தூரம் கூடக்கூட மெலியும். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும். பட்டுத் திரும்புவதோ அறையில் எங்கே வைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். உங்கள் அறையைப் போன்ற வெறும் அறையில், முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் மைக்குக்குக்கூட வாயிலிருந்து சுமார் 40, 45 சென்டிமீட்டரிலேயே இரண்டும் சமமாகிவிடும். அதைத் தாண்டினால் குரலைவிட அறைதான் அதிகம் பதிவாகிறது. நீங்கள் 60 சென்டிமீட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்பவர்கள் சொல்லும் கிணறு உங்கள் அறைதான்.

60 சென்டிமீட்டரை 15 ஆக்குங்கள். ஒரு சாண் விரித்தால் 20 சென்டிமீட்டரை ஒட்டி வரும், அதைவிடக் கொஞ்சம் கிட்டே. நேர்க்குரல் 12 டெசிபல் கூடும். கூடியதால் மைக்கின் பின்னால் இருக்கும் கெயின் திருகியை, அதாவது ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகியை, அதே அளவு குறைக்க வேண்டியிருக்கும். அப்படிக் குறைக்கும்போது குரல் முன்பிருந்த அளவிலேயே நிற்கும். எதிரொலி, ஃபேன், தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் 12 டெசிபல் கீழே இறங்கிவிடும். எந்த விலை மைக்கும் தராத வித்தியாசம் இது. இதற்கு ஆகிற செலவு நாற்காலியை இழுக்கிற செலவுதான்.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஒரே வாக்கியத்தை மூன்று முறை பதிவு செய்யுங்கள்: இப்போது உட்காருகிற தூரத்தில் ஒருமுறை, ஒரு சாணில் ஒருமுறை, நான்கு விரல் அகலத்தில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் திரையில் அளவு ஒன்றாக வரும்படி கெயினை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு இயர்ஃபோனில் கண்ணை மூடிக் கேளுங்கள். மூன்றாவதில் குரல் கனத்து, வானொலிக்காரர் குரல்போல இருக்கும். ஒரு பக்கமாகக் கேட்கும் மைக்குகளுக்கு இது இயல்பு, கிட்டே போகப் போக அடிக்குரல் கூடும். பிடித்திருந்தால் அங்கேயே இருங்கள். சிலருக்கு அது குரலை மந்தமாக்கும், அவர்களுக்கு ஒரு சாண்தான் சரி. முக்கியம் என்னவென்றால், எந்தத் தூரத்தை எடுத்தாலும் பேச்சு முழுக்க அதை விடாமல் வைத்திருப்பது. சிரிக்கும்போது பின்னால் சாய்ந்து, யோசிக்கும்போது பக்கவாட்டில் திரும்பிப் பேசினால் கேட்பவர் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

யெட்டியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நிறையப் பேர் அதைப் படுக்கவைத்து, மேடை மைக்கைப் போல உச்சியை வாயைப் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். அது பக்கவாட்டில் பேச வேண்டிய மைக். நிமிர்ந்து நிற்க வேண்டும், பெயர் பொறித்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, எந்தத் திசையில் கேட்க வேண்டும் என்று வைக்கும் பேட்டர்ன் திருகி பின்னால் இருக்கிறது, அதில் நான்கு நிலை. இருவர் எதிரெதிரே உட்காருவதற்கு என்றே ஒரு நிலை உண்டு, எட்டு என்ற எண் போல இரண்டு வட்டம் போட்டிருக்கும். அதில் முன்னும் பின்னும் மட்டும் கேட்கும். இடம், வலம், மேல், கீழ் நான்கு திசையிலும் மைக் கிட்டத்தட்டச் செவிடு. ஆகவே தலைக்கு நேர்மேலே சுற்றும் ஃபேனிலிருந்து நேராக வரும் சத்தமும் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு பேரும் முழங்கால் இடிக்கிற மாதிரி கிட்டே உட்கார்ந்து, நடுவில் இரண்டு முகத்துக்கும் ஒவ்வொரு சாண் தூரத்தில் மைக்கை நாலைந்து புத்தகத்தின் மேல் உயர்த்தி வைத்தால் அடுத்த எபிசோடே வேறு மாதிரி இருக்கும். அத்தனை கிட்டே முகம் பார்த்துப் பேசக் கூச்சமாக இருக்கும். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

சரி, இனி அறை.

1895ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் புது விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து வினாடிக்கு மேல் அடங்காமல் அடுத்த சொற்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவில், பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து இங்கே பரப்புவார். ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி எத்தனை நேரத்தில் அடங்குகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். அறையின் கன அளவுக்கும், ஒலியை விழுங்கும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் உள்ள கணக்கு அப்படித்தான் கிடைத்தது. இன்றும் அரங்கம் கட்டுகிறவர்கள் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். உங்கள் அறைக்கு அதைப் போட்டுப் பார்த்தால், வெறும் சுவரும் டைல்ஸுமாக இருக்கும்போது ஒலி அடங்க ஒன்றரை வினாடியை ஒட்டி ஆகும். பேச்சுக்கு அரை வினாடிக்குள் அடங்க வேண்டும்.

இதற்கும் மெத்தைதான் மருந்து. இலவம் பஞ்சு மெத்தை வீட்டில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதைச் சுருட்டாமல், பேசுகிறவரின் முதுகுப் பக்கச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். எதற்கு முதுகுப் பக்கம்? மைக் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. அந்தச் சுவரிலிருந்து திரும்பி வருவதுதான் மைக்கின் காதில் நேராக விழும். இருவர் என்பதால் இருவர் முதுகுக்குப் பின்னாலும் வேண்டும். ஒரு பக்கம் மெத்தை, மறுபக்கம் துணி காயப்போடும் கொடியைக் கட்டி இரண்டு மூன்று கம்பளிப் போர்வையை மடித்துத் தொங்கவிடலாம். சுவரை ஒட்டித் தொங்கவிடாமல் அரை அடி தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும். தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். மேசைமேல் ஒரு தடித்த துண்டு, ஏனென்றால் மைக்குக்கு மிகக் கிட்டே இருக்கும் கடினப் பரப்பு மேசைதான். இரும்பு பீரோவின் கதவைத் திறந்துவைத்தால் உள்ளே இருக்கும் துணியெல்லாம் ஒலியை விழுங்கும். மூடியிருந்தால் அந்தத் தகடு ஒலியைத் திருப்பி அனுப்பும், சில எழுத்துக்குக் கணகணவென்று தானும் அதிரும்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காது. ஓர் அங்குல ஸ்பாஞ்சுப் பலகைகளும் அப்படித்தான், அவை உச்சத்தில் இருக்கும் ஒலிகளை மட்டும் விழுங்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 34 சென்டிமீட்டர். குரலின் கனம் இருக்கும் இடத்தில் அது மீட்டர் கணக்கில் போகும். ஓர் அங்குலப் பொருளால் அதைத் தொட முடியாது. அறையை ஸ்பாஞ்சால் மூடியவர்களின் பதிவில் குரல் பெட்டிக்குள் போட்டு அடைத்தமாதிரி ஆகிவிடுவது இதனால்தான். தடிமன்தான் கணக்கு. இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும்: இதெல்லாம் உள்ளே எழும் ஒலியை அடக்கத்தான். வெளியே அடிக்கும் ஹார்னை மெத்தையும் திரையும் நிறுத்தாது. அதற்கு நேரம் பார்ப்பதுதான் வழி. உங்கள் தெரு எப்போது அடங்குகிறது, பக்கத்து வீட்டுக் குக்கர் எப்போது விசிலடிக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நேராக வரும் சத்தம் அடங்கினாலும் சுவரில் பட்டு வரும் ஃபேன் சத்தம் மிஞ்சும், ஆகவே ஃபேனை நிறுத்த வேண்டும். திருச்சி வெயிலில் இது கொடுமைதான், ஆனால் வேறு வழி இல்லை. இருபது நிமிடம் பேசுங்கள், நிறுத்துங்கள், ஃபேனைப் போட்டுத் தண்ணீர் குடியுங்கள், மறுபடி பேசுங்கள். பதிவுக்கு முன்னால் பத்து வினாடி இருவரும் பேசாமல் உட்கார்ந்து அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள், பின்னால் வெட்டி ஒட்டும்போது அந்த அமைதி தேவைப்படும். பதிவில் மெல்லிய ரீங்காரம் இருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் ரீங்காரம் 50, 100, 150 என்று வரும். மின்தடையில் இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவு செய்யாதீர்கள்.

போன சித்திரையில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெரியம்மாவின் பேச்சைப் பதிவு செய்தேன். அந்தக் காலத்தில் மாப்பிள்ளைச் சம்பாவை எப்படி விதைநெல்லாகக் கோட்டை கட்டி வைத்தார்கள் என்று அவர் சொல்ல வேண்டும். ஃபேனை நிறுத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிறுத்தி, ஒரு சாதாரண மேடை மைக்கை முகத்துக்கு எதிரே ஸ்டாண்டில் வைத்தேன். அவர் நாற்காலியோடு பின்னால் போனார். நான் மைக்கை நகர்த்தினேன், அவர் இன்னும் பின்னால் போனார். “இது என்னத்துக்குடா மூஞ்சிக்கு நேரா?” என்றார். அப்புறம்தான் மைக்கைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில், தாடைக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய், வாயைப் பார்த்துச் சாய்த்துவைத்தேன். என் முகம் அவருக்கு நேராகத் தெரிந்தது, மைக் கண்ணில் படவில்லை. நாற்பது நிமிடம் பேசினார். நெல்லை வைக்கோல் புரியால் சுற்றிச் சாணம் மெழுகுவதைச் சொன்னபோது கைகளால் மெழுகியே காட்டினார், அந்த வளையல் சத்தமும் பதிவில் இருக்கிறது. உங்கள் நண்பர் மைக்கைக் கண்டு விலகுகிறவர் என்றால் இதையே செய்யுங்கள்.

பக்கவாட்டில் வைப்பதில் இன்னொரு நன்மை உண்டு. உள்ளங்கையை வாய்க்கு எதிரே பிடித்து “பாப்பா” என்று அழுத்திச் சொல்லுங்கள். காற்று கையில் அடிக்கும். கையைக் கன்னத்தின் பக்கம் கொண்டுபோய் மறுபடி சொல்லுங்கள். காற்று படாது, ஆனால் சத்தம் அங்கேயும் கேட்கத்தான் செய்யும். காற்று நேராகப் போகும், ஒலி சுற்றிலும் பரவும். மைக்கை வாயின் ஓரத்தில், முப்பது நாற்பது டிகிரி சாய்த்து வைத்தால் அந்த ‘டப்’ என்ற அடி விழாது. தமிழ்ப் பகரத்தில் ஆங்கில ‘பி’ அளவுக்கு மூச்சு வெடிப்பதில்லை, அது நமக்கு ஒரு சௌகரியம். ஆனால் பேச்சில் ஃபோன், பார்ட்டி, பாட்காஸ்ட் என்று ஆங்கில மூச்சோடு சொல்லும் சொற்கள் ஏராளம். அவற்றுக்காக மைக்கில் ஒரு நுரை உறையோ முன்னால் ஒரு பாப் ஃபில்டரோ (மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலைத்திரை) இருக்கட்டும்.

இத்தனையும் செய்தபிறகும் புது மைக் வேண்டும் என்று தோன்றலாம். தோன்றுவதில் நியாயமும் இருக்கிறது; இருவருக்கு ஒரே மைக் என்பது கடைசிவரை ஒரு கட்டுதான். ஒருவர் இருமினால் மற்றவர் பேச்சோடு சேர்ந்தே வரும், பிரித்து வெட்ட முடியாது. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக் (தனித்தனிப் பதிவு) என்று போவது நல்ல முடிவு.

மைக்கில் கண்டென்சர், டைனமிக் என்று இரண்டு வகை உண்டு. கண்டென்சர் வேண்டாம், டைனமிக் வாங்கு, டைனமிக் சுற்றுப்புறச் சத்தத்தை வடிகட்டிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். முடிவு சரி, காரணம் பாதிதான் சரி. டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வும் அதில் ஒட்டிய கம்பிச் சுருளும் காந்தத்துக்குள் அசைந்து மின்சாரம் உண்டாக்குகின்றன. சுருளின் எடையையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் அது மந்தமானது. கண்டென்சரில் சவ்வு மட்டும்தான் அசைகிறது, ஆகவே நுணுக்கமாகக் கேட்கும். ஆனால் மந்தம் என்பது எல்லாவற்றுக்கும் மந்தம். உங்கள் குரல் எது, பக்கத்து வீட்டு மிக்சி எது என்று டைனமிக்குக்குத் தெரியாது. ஒரே திசையமைப்பு உள்ள இரண்டு வகை மைக்கையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிக் கேட்டால், இரண்டிலும் அறை ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். டைனமிக்கின் உண்மையான பலம் அது உங்களைக் கிட்டே வரவழைப்பதுதான். தள்ளி இருந்தால் குரல் எழவே எழாது, ஆகவே வாயைக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். கிட்டே வைத்தாலும் அது சிணுங்காது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். வீட்டு அறையில் பேசுகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன்.

எஸ்எம்7பி நல்ல மைக், அதில் சந்தேகமே இல்லை. அதன் மூல வடிவமான எஸ்எம்7 1973ல் வந்தது, பி என்ற இன்றைய வடிவம் 2001ல். ஆனால் அது தரும் சிக்னல் மிகவும் மெலிது. பேச்சுக்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின் கேட்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிக்கு இண்டர்ஃபேஸ் என்று பெயர். பழைய, மலிவான இண்டர்ஃபேஸ்களில் அவ்வளவு ஏற்றினால் ‘உஸ்’ என்ற இரைச்சலும் ஏறும். அதற்காகத்தான் நடுவில் கிளவுட்லிஃப்டர் மாதிரி ஒரு பெருக்கியைப் பலர் மாட்டுகிறார்கள், அதற்கு வேறு தனிச் செலவு. உள்ளேயே பெருக்கி வைத்த எஸ்எம்7டிபி 2023ல் வந்தது, விலை இன்னும் அதிகம். உங்களுக்கு இரண்டு வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே நிறுவனத்தின் எஸ்எம்58 உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. 1966லிருந்து இருக்கிறது. கல்யாணக் கச்சேரி, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் பார்த்த, பந்துபோல் வலைத்தலை உள்ள மைக் அது. அல்லது அதைப் பார்த்துச் செய்தது. எஸ்எம்7பியும் எஸ்எம்58ம் உள்ளே ஒரே குடும்பத்துக் கேப்சூலிலிருந்து (ஒலியை மின்சாரமாக்கும் பாகம்) வந்தவை. 58ன் சிக்னல் நான்கு டெசிபலுக்கு மேல் வலுவானது, விலையோ எஸ்எம்7பியைவிட மிகவும் குறைவு. நான்கு விரல் தூரத்தில், ஒரு நுரை உறையை மாட்டிப் பேசினால், பேருந்தில் இயர்ஃபோனில் கேட்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல வராது. என் தேர்வு இரண்டு எஸ்எம்58. போலிகள் நிறையப் புழங்கும் மைக் இது, ஆகவே நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்ப வேண்டாம். ரோடு பாட்மிக் இன்னொரு நல்ல வழி, பேச்சுக்கென்றே செய்தது, கனமான உடம்பு. ஆனால் அதுவும் கெயின் கேட்கும்.

இவையெல்லாம் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் இணைப்புள்ள மைக்குகள். அப்படி இரண்டு மைக்கைக் கணினியோடு இணைக்க இரண்டு மைக் உள்ளீடு உள்ள ஓர் ஆடியோ இண்டர்ஃபேஸ் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 எல்லா இடத்திலும் கிடைக்கும். 2023ல் வந்த நான்காம் தலைமுறையில் 69 டெசிபல் வரை கெயின் இருப்பதால் எந்த டைனமிக்கையும் தாங்கும். லேப்டாப்பின் விசிறிச் சத்தமே வேண்டாம் என்றால் ஜூம் பாட்ட்ராக் பி4 என்ற ரெக்கார்டரைப் பாருங்கள். நான்கு மைக், நான்கு ஹெட்ஃபோன், மெமரி கார்டிலேயே தனித்தனி டிராக், சாதாரணப் பேட்டரியில் ஓடும். விருந்தினர்களை அழைக்கும் எண்ணம் இருந்தால் இதுதான் மேல்.

யூஎஸ்பி மைக் இரண்டு வாங்கிச் செருகிவிடலாமே என்று தோன்றும். ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒன்றாகப் பதிவு செய்வது தலைவலி. ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி ஓடும். ஒரு மணி நேரத்தில் இருவர் குரலும் ஒன்றுக்கொன்று விலகிப்போயிருக்கும். ஒருவர் மட்டும் பேசுவதாக இருந்தால் யூஎஸ்பி தாராளமாகப் போதும். அப்போதும் சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போல யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ளதாக வாங்கினால் பின்னால் இண்டர்ஃபேஸ் வாங்கும்போது அது வீணாகாது.

காலர் மைக்கைப் பற்றியும் ஒரு வரி. போயா பிஒய்-எம்1 நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் பலரின் முதல் மைக். 6 மீட்டர் வயரோடு வரும், ஃபோனிலேயே மாட்டலாம். வெளியே நடந்து பேசும் வீடியோவுக்குச் சரி. ஆனால் அது எல்லாத் திசையிலும் கேட்கும், நெஞ்சில் இருக்கும், ஆகவே வெறும் அறையில் உங்கள் கிணறு திரும்பி வந்துவிடும்.

இருவருக்கும் தனி மைக் வந்தபிறகு, ஒருவர் மைக்கின் முதுகு மற்றவர் வாயைப் பார்க்கும்படி வையுங்கள், முதுகுப்பக்கம்தான் அது குறைவாகக் கேட்கும். மைக் உங்கள் வாயிலிருந்து இருக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்காவது அடுத்த மைக்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். ஆளுக்கொரு ஹெட்ஃபோன் மாட்டுங்கள், காதை மூடுகிற வகை. தன் குரலைத் தானே கேட்கிறவர் மைக்கைவிட்டு விலகமாட்டார். யாரும் சொல்லாமலே திரும்பி வந்துவிடுவார். அளவைப் பொறுத்தவரை, திரையில் அளவுக்கோட்டின் உச்சம் பூஜ்யம்; உரக்கச் சிரிக்கும்போதும் -12 டெசிபலை ஒட்டியே நிற்கட்டும். மென்பொருள் அமைப்பில் 24 பிட் என்ற நுணுக்கமான தரத்தில் பதிவு செய்தால் குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம். பூஜ்யத்தில் இடித்து உடைந்த குரலை யாராலும் திருப்ப முடியாது.

பதிவு பொத்தானை அழுத்துமுன் மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள், திரையில் அளவுக்கோடு துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் கணினி வேறு மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சில வருடத்துக்கு முன்னால் ஒரு தவில் கலைஞரிடம் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டால், லேப்டாப்பின் சொந்த மைக்கில்தான் எல்லாம் பதிவாகியிருந்தது. எதிரில் நல்ல மைக் நின்றது, மென்பொருளில் அது தேர்வாகவில்லை. மறுபடி போனேன், அவரும் முகம் கோணாமல் மறுபடி பேசினார். ஆனால் குருவிடம் முதல் நாள் வாங்கிய அடியைச் சொன்னபோது முதல்முறை வந்த அந்த நிறுத்தமும் குரல் கம்மலும் இரண்டாம் முறை வரவில்லை. அன்றிலிருந்து நகத்தால் சுரண்டாமல் நான் பதிவைத் தொடங்குவதில்லை.

பதிவுக்குப் பின் செய்கிற வேலை குறைவாக இருக்கட்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம், போதும். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுங்கள், அங்கே குரல் இல்லை, மேசை அதிர்வும் வண்டி உறுமலும்தான் இருக்கும். குரல் மந்தமாக இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள்; தெளிவு வேண்டுமென்றால் 3000, 4000 பக்கம் இரண்டு டெசிபல் ஏற்றுங்கள். அதற்குமேல் ஏற்றினால் சகரமும் ஸகரமும் காதைக் கிழிக்கும். உரத்த இடங்களை அடக்கிச் சமமாக்கும் கம்ப்ரெஸர் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில், மெல்ல.

நாய்ஸ் கேட்டையும் (ஒலி மெலிந்த இடத்தைத் தானாக அடைத்துவிடும் கருவி) இரைச்சல் நீக்கிகளையும் தமிழ்ப் பேச்சில் மிகக் கவனமாகப் பயன்படுத்துங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பேச்சில் சொல்லின் கடைசி மெலிந்துதான் முடியும். தமிழில் யார், எவர் என்பதே அந்தக் கடைசியில் இருக்கிறது: வந்தான், வந்தாள், வந்தாங்க. பேச்சுவழக்கில் வந்தானின் ‘ன்’ மூக்கொலியாகக் கரைந்து, வந்தாளின் ‘ள்’ காணாமலே போகிறது. அந்த மெல்லிய வாலை நாய்ஸ் கேட் ‘சத்தம் இல்லாத இடம்’ என்று நினைத்து வெட்டிவிட்டால், வந்தது அவனா அவளா என்று கேட்பவருக்குத் தெரியாது. ஒரே பொத்தானில் குரலைத் துலக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் முழு அளவில் விடாதீர்கள், பாதி அளவில் வைத்து, சொல் முடிவுகளை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கிட்டே பேசி, மெத்தை வைத்துப் பதிவு செய்த குரலுக்கு இவை அநேகமாகத் தேவையே படாது.

கடைசியாக ஒலியளவு. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் எதிர்பார்ப்பது -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு), ஒரு டெசிபல் முன்பின் இருக்கலாம். உச்சம் -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆடாசிட்டியின் லவுட்னெஸ் நார்மலைசேஷனில் -23 என்றுதான் இருக்கும், அதை -16 ஆக்கி, மோனோவை (இரு காதிலும் ஒரே ஒலி) இரட்டை மோனோவாகக் கொள்ளும் பெட்டியில் டிக் போடுங்கள். இருவர் பேச்சுக்கு ஸ்டீரியோ வேண்டாம். ஒருவர் இடது காதிலும் மற்றவர் வலது காதிலும் என்று பிரித்தால், ஒற்றை இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு சமைக்கிறவருக்குப் பாதிப் பேச்சுதான் கேட்கும். மோனோவில் 96 கேபிபிஎஸ் எம்பி3 போதும்.

இந்த வாரப் பதிவுக்கு எதுவும் வாங்காதீர்கள். மெத்தை, போர்வை, ஜமக்காளம், திருப்பிவைத்த யெட்டி, ஒரு சாண் தூரம், நிறுத்திய ஃபேன். இப்படி ஐந்தாவது எபிசோடைப் பதிவு செய்து, நான்காவதையும் அதையும் ஒரே ஒலியளவில் அடுத்தடுத்து உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள், எதில் பேச்சு சிரமமில்லாமல் புரிகிறது என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகும் இருவர் டிராக்கையும் பிரிக்க வேண்டும் என்று தோன்றினால் இரண்டு எஸ்எம்58, ஒரு 2ஐ2, இரண்டு ஸ்டாண்ட், நுரை உறை என்ற வரிசையில் போங்கள்.